சரடோவ் ஏர்லைன்ஸ் மூடப்பட்ட கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

சரடோவ் நகரில் ஒரு காலத்தில் விமானத்தைக் கட்டியவரும், அதை ஓட்டியவரும், அதில் ஏறிப் போனவரும் ஒரே ஊர்க்காரர்கள். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், வோல்கா ஆற்றின் வலது கரையில் இருக்கிறது அந்த ஊர். அறுவடை இயந்திரம் செய்யத் தொடங்கிய ஒரு தொழிற்சாலை அங்கே 1930-களின் பிற்பகுதியில் விமானத் தொழிற்சாலையாக மாறியது. இரண்டாம் உலகப் போரில் யாக்-1 போர் விமானங்களை வரிசையாக அனுப்பிவைத்தது. 1943 ஜூனில் ஜெர்மானியர் குண்டுவீசி அதன் பெரும்பகுதியை எரித்தார்கள். தொழிலாளர்கள் இடிபாடுகளுக்கு நடுவிலேயே உற்பத்தியை மீண்டும் தூக்கி நிறுத்தினார்கள். போருக்குப் பின் யாக்-40 என்ற சிறிய ஜெட் அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேல் வெளிவந்தது. அதற்குப் பிறகு வந்தது யாக்-42.

அந்த யாக்-42-ஐ நம்பி வாழ்ந்த உள்ளூர் நிறுவனம்தான் சரடோவ் ஏர்லைன்ஸ். 1931-ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொண்ட அது, 2018 மே மாத இறுதியில் பறப்பதை நிறுத்தியது. அதற்கு மூன்றரை மாதம் முன்பு, பிப்ரவரி 11 அன்று, அதன் 703-ஆம் எண் விமானம் மாஸ்கோவின் டொமோடெடோவோ விமான நிலையத்திலிருந்து கிளம்பிச் சுமார் ஆறு நிமிடத்தில் பனி மூடிய வயலில் விழுந்தது. 71 பேர் இறந்தார்கள். விமானிகள் ஒரு சுவிட்சைப் போட மறந்தார்கள், நிறுவனம் மூடப்பட்டது என்று இரண்டே வரியில் இந்தக் கதையைச் சொல்லிவிடுவதுண்டு. இரண்டு வரியும் பொய் அல்ல. ஆனால் அந்த மறதி ஏன் யார் கண்ணிலும் படாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போனது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. ஒரே வகை விமானத்தோடு நெடுங்காலம் பழகிய ஒரு சிறு நிறுவனம், நான்கே ஆண்டுகளில் இரண்டு புதிய வகைகளைச் சேர்த்துக்கொண்டது. விமானி அறையின் அன்றாடப் பழக்கங்களைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் வாதம் இதுதான்.

குன்றின் மேல் ஓர் ஓடுபாதை

சோவியத் காலத்தில் தனி விமான நிறுவனம் என்று ஒன்று கிடையாது. நாடு முழுவதும் ஏரோஃப்ளோட் மட்டுமே. ஒவ்வொரு பெரிய ஊரிலும் அதன் ஒரு பிரிவு இருக்கும். விமானங்கள், விமானிகள், பழுதுபார்க்கும் பட்டறை, விமான நிலையம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ். சரடோவ் பிரிவும் அப்படித்தான் நடந்தது. சோவியத் யூனியன் கலைந்தபோது ஏரோஃப்ளோட் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. எந்த ஊரில் எந்த விமானம் நின்றதோ அது அந்த ஊருக்கு என்பதுதான் ஏறத்தாழ பாகப்பிரிவினையின் விதி. சரடோவுக்கு விழுந்த பங்கு 1994-இல் தனியார்மயமாகி, சராவியா என்ற பெயரில் நடக்கத் தொடங்கியது.

அப்படிப் பிறந்த குட்டி நிறுவனங்களில் பெரும்பாலானவை பத்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சராவியா பிழைத்ததற்கு முக்கியக் காரணம் யாக்-42 என்று நான் நினைக்கிறேன். சரடோவின் பழைய விமான நிலையம் ஊருக்குள்ளேயே ஒரு குன்றின் மேல் இருந்தது. ஓடுபாதையின் நீளம் இரண்டேகால் கிலோமீட்டர் அளவு. அதற்கு மேல் நீட்ட இடம் இல்லை. பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு வந்துபோக அது தோதான இடமல்ல. யாக்-42-க்கு அது போதும். மூன்று எஞ்சின்கள், 120 பேர் வரை உட்காரும் இருக்கைகள், வால் பகுதியில் தானே இறங்கும் படிக்கட்டு. ஏணி வண்டி இல்லாத சிறு ஊர் விமான நிலையத்திலும் பயணிகள் பின்வாசல் வழியாக ஏறி இறங்கிவிடலாம். உதிரிபாகம் வேண்டுமென்றால் அதைச் செய்த தொழிற்சாலையே உள்ளூரில் இருந்தது.

யாக்-42-இன் சொந்த வரலாறு அவ்வளவு சுத்தமல்ல. 1982-இல் பெலாரஸின் மசீர் அருகே ஒன்று வானிலேயே கட்டுப்பாட்டை இழந்து விழுந்து 132 பேர் இறந்தார்கள். வாலின் கிடைமட்டச் சிறகை ஏற்றி இறக்கும் திருகு தேய்ந்து விட்டுப்போனதுதான் காரணம். அதன் பிறகு அந்த வகை முழுவதையும் நிறுத்திவைத்துத் திருத்தி, 1984-இல்தான் மறுபடி பயணிகளை ஏற்றினார்கள். அதற்குப் பிந்திய யாக்-42 உழைக்கும் மாடு போன்ற விமானம். சராவியா அதை வைத்து மாஸ்கோவுக்குத் தினசரி சேவை, கோடையில் கருங்கடல் பக்கம், ஆர்மீனியா, ஜார்ஜியா, சுற்றுலாப் பருவத்தில் வெளிநாட்டு சார்ட்டர் (சுற்றுலாக் குழுக்களுக்கு மொத்தமாக வாடகைக்கு விடும் விமானம்) என்று பிழைப்பை ஓட்டியது.

ரஷ்யாவின் மாகாண விமான நிறுவனங்களின் பொருளாதாரம் விசித்திரமானது. நாடு பரந்தது, தூரம் அதிகம், ரயில் மெதுவானது. விமானத்துக்குத் தேவை இருக்கிறது. ஆனால் எல்லா வழியும் மாஸ்கோவைத் தொட்டுத்தான் போகிறது. ஒரு மாகாண நகரத்திலிருந்து பக்கத்து மாகாண நகரத்துக்குப் போக விரும்புகிறவர்கூட மாஸ்கோவுக்குப் பறந்து அங்கிருந்து திரும்பி வருவது சகஜம். லாபம் தரும் மாஸ்கோ வழித்தடம் சூடுபிடித்தால் பெரிய நிறுவனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிறியவர்களுக்கு மிஞ்சுவது பெரியவர்கள் சீண்டாத ஊர்கள். ஓர்ஸ்க் அப்படிப்பட்ட ஊர். ஐரோப்பாவும் ஆசியாவும் சந்திக்கும் யுரால் ஆற்றங்கரையில், கஜகஸ்தான் எல்லைக்கு அருகே உள்ள தொழிற்சாலை நகரம். மாஸ்கோவிலிருந்து ரயிலில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

புதுப் பெயர், புது விமானங்கள்

2011 செப்டம்பர் 7 அன்று யரோஸ்லாவ்ல் நகரில் ஒரு யாக்-42 ஓடுபாதையைத் தாண்டி ஓடி, தட்டுத்தடுமாறி எழும்பி, உடனே விழுந்தது. லோகோமோட்டிவ் ஐஸ் ஹாக்கி அணி ஏறத்தாழ மொத்தமும் அதில் இருந்தது; 44 பேர் இறந்தார்கள். அந்த விமானம் சராவியாவுடையது அல்ல, யாக் சர்வீஸ் என்ற வேறொரு நிறுவனத்துடையது. ஆனாலும் இரண்டு வகையில் அது இந்தக் கதைக்குள் வருகிறது.

முதலாவது, விசாரணையில் தெரிந்த காரணம். எழும்புவதற்காக வேகம் எடுக்கும்போது விமானிகளில் ஒருவர் தன்னையறியாமல் பிரேக் மிதியை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த விமானிகள் யாக்-40-இல் நெடுநாள் பழகியவர்கள். அதில் மிதியின் மேல் பாதம் வைக்கும் விதம் வேறு. அந்தப் பழக்கம் யாக்-42-க்கும் கூடவே வந்துவிட்டது. ஒரே வடிவமைப்பு நிறுவனத்தின் அண்ணன் தம்பி விமானங்களுக்கு இடையிலேயே பழைய பழக்கம் ஆளைக் கொல்லும் என்று ரஷ்ய விமானத் துறைக்கு அன்றே தெரிந்துவிட்டது. அதாவது, வகை மாற்றம் என்பது தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கும் சமாச்சாரம் மட்டுமல்ல என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது, அந்த விபத்துக்குப் பின் சிறு நிறுவனங்களைக் குறைக்க வேண்டும், சோவியத் காலத்து விமானங்களை ஒதுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்தே அழுத்தம் வந்தது. யாக்-42-ஐ மட்டும் நம்பிக்கொண்டிருப்பது இனி ஆகாது என்ற நிலை.

சராவியா புது வேடம் பூண்டது இந்தச் சூழலில்தான். 2013-இன் இறுதியில் பெயர் சரடோவ் ஏர்லைன்ஸ் ஆனது. பிரேசிலின் எம்பிரேயர் நிறுவனத்தின் இ-ஜெட் வகை விமானங்கள் இரண்டு குத்தகைக்கு வந்தன. ரஷ்யாவில் அந்த வகையை முதலில் பயணிகள் சேவைக்குக் கொண்டுவந்தது பெரிய நிறுவனம் எதுவும் இல்லை, வோல்கா கரையின் இந்தச் சிறு நிறுவனம்தான். துணிச்சலான காரியம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நேரம் சரியில்லை. 2014-இல் ரூபிள் சரிந்தது. டிக்கெட் விற்பது ரூபிளில், வெளிநாட்டு விமானத்துக்குக் குத்தகை கட்டுவது டாலரில். 2015 அக்டோபரில் ட்ரான்ஸேரோ என்ற பெரிய விமான நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. அதே மாதக் கடைசியில் சினாய் பாலைவனத்தின் மேல் ரஷ்யப் பயணிகள் விமானம் குண்டுவெடிப்பில் சிதறியதை அடுத்து எகிப்துக்கும், நவம்பரில் துருக்கி ஒரு ரஷ்யப் போர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதை அடுத்துத் துருக்கிக்கும் சுற்றுலா விமானங்கள் நின்றன. சார்ட்டர் தொழிலின் இரண்டு பெரிய சந்தைகளும் ஒரே இலையுதிர் காலத்தில் மூடிக்கொண்டன.

இந்த அடியோடு அடியாக, சரடோவ் ஏர்லைன்ஸ் தானே வாங்கிக்கட்டிக்கொண்டதும் ஒன்று உண்டு. 2015-இல் விமானப் போக்குவரத்து ஆணையமான ரோஸ்ஏவியாட்சியா திடீர் சோதனை நடத்தியபோது, பணியில் இல்லாத ஒருவர் விமானி அறைக்குள் இருந்தது தெரியவந்தது. வெளிநாட்டுச் சேவைகளுக்குத் தடை விழுந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது, விதிகளை மாற்றியது, 2016-இல் வெளிநாட்டு சார்ட்டர்களை மீண்டும் தொடங்கியது. விபத்துக்குப் பின் வந்த செய்திகளில் இந்தச் சம்பவம் ஒரு வரியாக வந்துபோனது. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. விமானி அறைக் கதவுக்குப் பின்னால் எழுதிவைத்த விதி ஒன்று, நடப்பது இன்னொன்று என்பதற்கு ஆணையத்தின் கையிலேயே ஒரு சான்று இருந்தது. கொடுத்த தண்டனை அந்தக் குற்றத்துக்கு மட்டுமே. கதவுக்குப் பின்னால் வேறென்ன பழக்கம் மண்டிக் கிடக்கிறது என்று யாரும் தோண்டியதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தது ஆன்-148. அதன் பின்கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. உக்ரைனின் கீவ் நகரிலுள்ள அன்டோனோவ் நிறுவனம் வடிவமைத்து, 2004 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த இரட்டை எஞ்சின் ஜெட் அது. எஞ்சின்கள் உக்ரைனின் சபரோஷியா நகரத்தவை. கீவ் நகரிலும், ரஷ்யாவின் வொரோனெஷ் தொழிற்சாலையிலும் தயாரிப்பு நடந்தது. இரண்டு நாடுகள் சேர்ந்து செய்த விமானம். 2014-க்குப் பின் அந்த இரண்டு நாடுகளும் எதிரிகள். உதிரிபாகம் கிடைப்பது திண்டாட்டமானது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ரோசியா நிறுவனம் தன்னிடம் இருந்த ஆறு ஆன்-148-களையும் 2015-இல் சேவையிலிருந்து விலக்கியது. ஆர்ஏ-61704 என்ற பதிவெண் கொண்ட விமானம் அவற்றில் ஒன்று. 2010-இல் வொரோனெஷில் செய்தது. உதிரிபாகத் தட்டுப்பாட்டில் இரண்டு ஆண்டு சும்மா நின்றது. 2017-இல் சரடோவ் ஏர்லைன்ஸ் இந்த வரிசையின் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது.

சிறு நிறுவனத்தின் கணக்கு புரிகிறது. யாக்-42-க்கு எரிபொருள் அதிகம். எம்பிரேயருக்கு டாலர் குத்தகை. ஓர்ஸ்க் போன்ற ஊருக்குத் தேவை எழுபது பேர் அளவிலான ஒரு ஜெட். பெரியவர்கள் வேண்டாம் என்று நிறுத்திவைத்திருந்தது பொருத்தமாகக் கைக்கு வந்தது. ஆனால் விளைவு என்ன? 2013 வரை பிரதானமாக ஒரே வகை ஜெட்டோடு இருந்த நிறுவனத்தில், 2017-இல் மூன்று நாட்டுச் சிந்தனையில் உருவான மூன்று வகை ஜெட்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு கையேடு, வேறு சரிபார்ப்புப் பட்டியல், எச்சரிக்கையை வேறு விதமாகக் காட்டும் திரை. பயிற்சி தருகிறவர்களும் பறப்புத் தரவுகளைப் படித்துப் பார்க்கிறவர்களும் அதே சின்ன அலுவலகத்தில்.

டொமோடெடோவோ, பிற்பகல் 2.21

பிப்ரவரி 11, 2018. மாஸ்கோவில் பனி பெய்துகொண்டிருந்தது. வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே. அந்த மாதத்தில் அங்கே இது சாதாரண வானிலை. ஓர்ஸ்க் செல்லும் 703-இல் 65 பயணிகள், 6 பணியாளர்கள். கேப்டனுக்கு 5,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். அதில் கணிசமான பகுதி ஆன்-148-இலேயே. துணை விமானியின் மொத்த அனுபவம் 800 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

வேகம் எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது விளங்கும். விமானத்தின் மூக்குப் பக்கம் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நீளக் குழாய்கள் உண்டு. பிடோ குழாய் என்று பெயர். எதிர்க்காற்று அதன் வாய்க்குள் மோதும் அழுத்தத்திலிருந்து, சுற்றியுள்ள காற்றின் சாதாரண அழுத்தத்தைக் கழித்தால் வேகம் கிடைக்கும். குழாயின் வாயில் பனிக்கட்டி அடைத்தால் கணக்கு கெட்டுவிடும். அதற்காகவே குழாய்க்குள் மின்சூடேற்றி இருக்கிறது. ஆன்-148-இல் இத்தகைய குழாய்கள் மூன்று: கேப்டனுக்கு ஒன்று, துணை விமானிக்கு ஒன்று, மாற்றுக் கருவிக்கு ஒன்று. ஒன்று அடைத்தாலும் மற்ற இரண்டு உண்மை சொல்லும் என்பது ஏற்பாடு. மூன்றின் சூடேற்றியும் அன்று அணைந்திருந்தது.

புறப்பட்ட இரண்டரை நிமிடத்தில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், மணிக்கு 465 முதல் 470 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, கேப்டனின் வேகமானியும் மாற்று வேகமானியும் வேறு வேறு எண்ணைக் காட்டத் தொடங்கின. அரை நிமிடத்துக்குள்ளேயே, 1,700 மீட்டரில், வித்தியாசம் 30 கிலோமீட்டர். 2,000 மீட்டர் வாக்கில் இரண்டும் ஒருமுறை சமமாயின. பிறகு எதிர்த்திசையில் பிரிந்தன. வேகங்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. விமானிகள் தானியங்கி ஓட்டுக் கருவியைத் துண்டித்துக் கையால் ஓட்டத் தொடங்கினார்கள். விமானம் மேலும் கீழுமாக அலைந்தது. கேப்டனின் வேகமானி இறங்கி இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டது. மாற்று வேகமானி 200 காட்டியது.

உண்மையில் விமானம் நல்ல வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கண்ணெதிரே பூஜ்யம். வேகம் போனால் விமானம் தொய்ந்து விழும்; மூக்கைக் கீழே தள்ளி வேகத்தை மீட்க வேண்டும் என்பது எந்த விமானிக்கும் ஊறிப்போன பாடம். மூக்கு கீழே போனது, 30 முதல் 35 டிகிரி வரை. வெளியே மேகம், கண்ணுக்குத் தரை தெரியாது. மாற்று வேகமானி தரையைத் தொடும் நேரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் காட்டியது. கேப்டனுடையது கடைசிவரை பூஜ்யத்திலேயே நின்றது. ராமென்ஸ்கோயே மாவட்டத்தின் ஸ்தெபானோவ்ஸ்கோயே கிராமத்தருகே வயலில் மோதிச் சிதறியபோது மணி 2.27.

முதல் சில மணி நேரத்தில் ரஷ்ய அஞ்சல் துறையின் ஹெலிகாப்டரோடு மோதியது என்று ஒரு வதந்தி கிளம்பி, அஞ்சல் துறை மறுத்ததும் அடங்கியது. தரவுப் பதிவுக் கருவி அன்றே கிடைத்துவிட்டது. பிப்ரவரி 13-ஆம் தேதியே, முன்னாள் சோவியத் நாடுகளின் விபத்து விசாரணை அமைப்பான விமானப் போக்குவரத்துக் குழு, சூடேற்றி அணைந்திருந்ததை வெளியே சொன்னது. அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது: கருவியில் பதிவாகியிருந்த முந்தைய 15 பயணங்களிலும் சூடேற்றியைப் புறப்படும் முன் போட்டிருக்கிறார்கள்.

இதே மறதி 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் ஒரு போயிங் 727-ஐ வீழ்த்தியது. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் அந்த விமானத்தில் பணியாளர் மூவர் மட்டுமே. அங்கே நேர் எதிராக நடந்தது. பனி அடைத்ததில் குழாய்க்குள் பழைய அழுத்தம் சிறைப்பட்டுவிட்டது. உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, வேகமானி ஏறிக்கொண்டே போனது. வேகம் மிதமிஞ்சிவிட்டது என்று நம்பி மூக்கை மேலே தூக்கினார்கள். விமானம் உண்மையாகவே தொய்ந்து விழுந்தது. சரடோவ் விமானத்தில் குழாயின் வாய் அடைபட்டபின் உள்ளே இருந்த அழுத்தம் வடிந்து, வேகமானி பூஜ்யத்துக்கு இறங்கியது. ஒன்றில் பொய் மேலே, ஒன்றில் பொய் கீழே. இரண்டிலும் செய்யவேண்டியிருந்தது ஒன்றே: வேகமானியை மறந்துவிட்டு, மூக்கின் கோணத்தையும் எஞ்சினின் உந்துதலையும் தெரிந்த அளவுகளில் பிடித்துவைப்பது. அந்த இரண்டும் சரியாக இருந்தால் வேகம் தானே சரியாக இருக்கும். 2009-இல் அட்லாண்டிக் கடலில் ஏர் பிரான்ஸ் 447 விழுந்து 228 பேர் இறந்த பிறகு உலகெங்கும் விமானிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட பாடம் இது.

மறதி மட்டும்தானா

இறுதி அறிக்கை 2019-இல் வந்தது. மேகத்துக்குள் ஏறும்போது, நம்பத்தகாத வேக அளவுகளுக்கு விமானிகள் தவறாக எதிர்வினை செய்ததால் கட்டுப்பாடு கைநழுவியது என்பது அதன் மையத் தீர்ப்பு. மூன்று குழாய்களும் பனியால் அடைபட்டது, சூடேற்றி போடப்படாதது, புறப்படும் முன் பட்டியலை அவசரமாகவும் அரைகுறையாகவும் முடித்தது ஆகியவை அதற்கு முன் நிற்கின்றன. இந்தத் தீர்ப்போடு நிறுத்திக்கொண்டு விமானிகள் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது சோம்பேறித்தனம். அறிக்கையே அங்கே நிற்கவில்லை.

முதலில் வடிவமைப்பு. ஏர்பஸ் 320 போன்ற விமானங்களில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் குழாய்ச் சூடேற்றி தானாக வேலை செய்யும். ஆன்-148-இல் கையால் போட வேண்டும். அதிலும், தரையில் அதிக நேரம் எரியவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு. ஆகவே மற்ற ஏற்பாடுகளோடு சேர்த்து நிதானமாகப் போட்டுவிட முடியாது. கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் போட வேண்டும். அந்தக் கட்டத்தில் விமானி அறை எப்படி இருக்கும்? கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசிக்கொண்டிருக்கும், முன்னால் போகிற விமானத்தைப் பார்க்க வேண்டும், பின்னால் வரிசை நிற்கும், அனுமதி வந்ததும் திருப்பிச் சொல்ல வேண்டும். மறக்கக் கூடாத வேலையை, மறதிக்கு மிகவும் தோதான கணத்தில் கொண்டுபோய் வைத்த வடிவமைப்பு இது. இப்படி ஓர் அபாயம் இருப்பது போதிய அளவு மதிப்பிடப்படவில்லை என்பதையும் அறிக்கை குறிப்பிட்டது.

ஆனால் வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு பாதுகாப்பு வைக்காமல் இல்லை. சூடேற்றி அணைந்திருந்தால் எச்சரிக்கைத் திரையில் எழுத்து எரியும். நவீன விமானி அறையின் தத்துவமே, எல்லாம் சரியாக இருந்தால் திரை காலியாக இருக்க வேண்டும் என்பது. ஏதாவது எரிந்தால் புறப்படக் கூடாது. என் பார்வையில் இந்த அறிக்கையின் கனமான பகுதி இங்கேதான் இருக்கிறது: சரடோவ் ஏர்லைன்ஸின் விமானிகள் திரையில் எச்சரிக்கைகள் எரியும்போதே கிளம்புவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். அந்த ஒரு நாள், அந்த ஒரு கேப்டன் என்ற கதை இதோடு முடிந்துவிடுகிறது. எப்போதும் ஏதோ ஒரு வரி எரிந்துகொண்டிருக்கும் திரையில் இன்னொரு வரி கூடினால் கண் அதைப் பிடிக்காது. 15 முறை சரியாகப் போட்ட கை 16-ஆவது முறை தவறுவது மனித இயல்பு. அந்தத் தவறைப் பிடித்துக்கொடுக்க வேண்டிய திரையை யாரும் படிக்காமல் போனது நிறுவனத்தின் இயல்பு.

இதை முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். விசாரணையாளர்கள் பார்த்த அதே தரவுப் பதிவு ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நிறுவனத்தின் கைக்குக் கிடைக்கக்கூடியது. அதை விரித்துப் படித்து, எந்த விமானி எதைத் தவிர்க்கிறார், எந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப எரிகிறது என்று பார்ப்பதற்காகவே பறப்புத் தரவுப் பகுப்பாய்வு என்ற பிரிவு விமான நிறுவனங்களில் இருக்கிறது. சரடோவில் பாதுகாப்பு மேலாண்மை பயனுள்ள வகையில் நடக்கவில்லை என்று அறிக்கை சொன்னது. விமானிகளுக்கு எடுக்காத விடுமுறை நிறையச் சேர்ந்திருந்ததையும், களைப்பு கூடியிருக்க வாய்ப்பிருந்ததையும் அது பட்டியலில் சேர்த்தது. வேகமானி பொய் சொல்லும் சூழலுக்கான பயிற்சியிலும் குறை இருந்தது.

கேப்டன் இந்த வகைக்குப் புதியவர் அல்லர் என்பதால், புது விமானத்தைச் சேர்த்ததற்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று வாதிட இடம் உண்டு. நான் ஏற்கவில்லை. விமானிக்கு வகை பழகியிருக்கலாம், நிறுவனத்துக்குப் பழகவில்லை. யாக்-42-இன் அறையில் இரு விமானிகளோடு விமானப் பொறியாளர் ஒருவரும் உட்கார்ந்து கருவிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆன்-148-இல் அந்த மூன்றாவது ஜோடிக் கண் இல்லை. அந்த வேலையைத் திரையிடம் விட்டிருக்கிறார்கள். திரையை மதிக்கும் ஒழுங்கை நிறுவனம் தனியாக வளர்த்தெடுக்க வேண்டும். வந்து ஓராண்டே ஆன விமானத்துக்கு அந்த வேலை நடந்ததாக அறிக்கையைப் படிக்கும்போது தோன்றவில்லை.

மூடிய விதம்

விபத்துக்குப் பின் ஆன்-148-கள் நிறுத்தப்பட்டன. மீதி விமானங்களோடு சேவை தொடர்ந்தது. ரோஸ்ஏவியாட்சியா நடத்திய சோதனைகளில் அடுக்கடுக்காகக் குறைகள் வந்தன. நிறுவனமோ இவோல்கா, அதாவது மாங்குயில் என்று பெயரை மாற்றிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. விபத்துக்குப் பின் பெயர் மாற்றுவது விமானத் தொழிலில் பழைய வித்தை. அது எடுபடவில்லை. மே மாத இறுதியில் இயக்கச் சான்றிதழ் புதுப்பிக்கப்படவில்லை, சேவை நின்றது.

மூடியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆணையத்தின் பங்கு அத்தனை எளிதாகக் கழுவிவிடக்கூடியதல்ல. 2015-இல் தடை போட்டது அதே ஆணையம். 2016-இல் விலக்கியதும், 2017-இல் ஆன்-148-ஐச் சேர்க்க அனுமதித்ததும் அதே ஆணையம். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே கண்ணில் பட்ட குறைகள் அந்த மூன்று மாதத்தில் முளைத்தவையாக இருக்க முடியாது.

சரடோவ் ஊருக்கு விமானம் நின்றுவிடவில்லை. 2019 ஆகஸ்ட் 20 அன்று குன்றின் மேலிருந்த பழைய விமான நிலையம் மூடப்பட்டு, ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையோடு புதியது திறந்தது. யூரி ககாரின் பெயரை அதற்கு வைத்தார்கள்; அவர் விமானம் ஓட்டக் கற்றதும், 1961-இல் விண்வெளியிலிருந்து இறங்கியதும் இந்த வட்டாரத்தில்தான். நீண்ட ஓடுபாதை வந்ததும் குன்று விதித்திருந்த வரம்பு போய்விட்டது; வெளியூர் நிறுவனங்களின் பெரிய விமானங்கள் தாராளமாக வந்துபோகலாம். யாக்-42-ஐச் செய்த தொழிற்சாலை அதற்குப் பல ஆண்டு முன்பே திவாலாகி இடிக்கப்பட்டிருந்தது.

இறுதி அறிக்கை வெளியானபோது சரடோவ் ஏர்லைன்ஸ் பறப்பதை நிறுத்தி ஓராண்டு ஆகியிருந்தது. அதன் நிர்வாகத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களைத் திருத்திக்கொள்ள அங்கே யாரும் மிச்சமில்லை. ஆன்-148 மட்டும் ரஷ்யாவில் அப்போதும் பறந்துகொண்டிருந்தது: இர்குட்ஸ்கின் அங்காரா நிறுவனத்திலும், சில அரசுத் துறைகளிலும். தரையில் சூடேற்றியை நெடுநேரம் எரியவிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு தினமும் விமானத்தை ஓடுபாதைக்கு உருட்டிச் சென்றவர்கள் அவர்கள்.